மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நொட்டாங்கை

ஒரு எழுத்தாளரை மனதார நேசிக்கிறவனுக்கு மட்டும்தான் அவருடைய நாவல்களில் படுமோசமானது எது என்று சொல்ல உரிமை உண்டு. கொடைக்கானல் பஜாரில் குடைக்கடை பாய் போட்ட சட்டம் இது. பேச வருகிறவர் முதலில் தனக்குப் பிடித்த நாவலைச் சொல்லி அதன் கதையை ஒரு தடவை புகழ வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து வையலாம். இந்தச் சட்டம் தெரியாமல், "எல்லாமே குப்பைதானேய்யா" என்று சொன்ன ஒரு மதுரைக்காரரை, குடை வாங்க வந்தவர் என்றும் பார்க்காமல், குடை இல்லாமலேயே மழையில் இறக்கிவிட்டார் பாய்.

கடையில் குடை, கம்பளி, சிலேட்டுக் குச்சி, கடலை மிட்டாய் எல்லாம் இருக்கும். பின்பக்கம் ஒரே ஒரு மர அலமாரி. அதில் ஒரே ஒரு துப்பறியும் நாவலாசிரியரின் நூல்கள், வாரக் கூலிக்கு. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் அவரைப் பேசிய பேச்சுக்கு அவருடைய பேரன்மார் யாராவது கம்பை எடுத்துக்கொண்டு வரலாம். எங்களுக்கு அவர் 'நம்ம ஆசிரியர்'. அவ்வளவுதான்.

அலமாரியில் நாற்பது புத்தகத்துக்குத்தான் இடம். நம்ம ஆசிரியரோ நிறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. அதனால் வருஷா வருஷம் சீசன் முடிந்து, துரைமார்களும் ஜமீன்தார்களும் மலையிறங்கிப் போனபின், ஆனி மாதத்துச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் சபை கூடும். இருப்பதிலேயே மட்டமான நாவல் எது என்று வழக்காடிக் கை தூக்குவார்கள். தோற்ற நாவலைப் பாய் அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும், முதுகைப் பிரித்துத் தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடிக்க வைத்துக்கொள்வார். ஒரு வருஷம் தோற்ற நாவலின் கொலைக்காட்சி எனக்குக் கடலை மிட்டாயோடு வந்தது. மிட்டாய் நன்றாக இருந்தது.

எனக்குப் பத்து வயது. என்னைவிடக் கெட்டிக்காரன் அந்த மலையில் யாரும் இல்லை என்று நான் நம்பிய வயது.

சபை கூடுவதற்கு எட்டு நாள் முன்பு, சனிக்கிழமை, அப்பா படித்து முடித்த 'அரிக்கேன் விளக்கு மர்மம்' என்ற நாவலைக் கொடுத்து, "நேரா பாய் கடைக்குப் போயி அலமாரியில வச்சிட்டு வா" என்றார். நேராகத்தான் போனேன். ஏரியைச் சுற்றி நேராக. கரையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கும்வரை படித்துவிட்டேன். கொலைகாரன் பெயர் வெளிவரப்போகிற இடம். அப்போது சவாரிக் குதிரை ஒன்று எனக்குப் பின்னால் வந்து என் பிடரியில் மூச்சு விட்டது. நான் கத்தினேன். குதிரையும் கத்தியது. இருவரும் அவரவர் திசையில் தாவினோம். நாவல் மட்டும் ஏரிப் பக்கம் தாவி, பாசிக்கு நடுவில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முழுகிப்போனது.

அழுதேனா? இல்லை. துப்பறியும் நாவல் நூறு படித்தவன் அழ மாட்டான், தடயத்தை மறைப்பான். பாயின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் காக்கித்தாள் அட்டை; முதுகில் அவர் கையால் மசியில் எழுதிய தலைப்பு. வீட்டில் அப்பாவின் பீரோவில் 'உருளைக்கிழங்கு சாகுபடி முறைகள்' என்று ஒரு புத்தகம் கிடந்தது. விவசாய ஆபீசில் பெரியப்பாவுக்குக் கொடுத்தது. "எனக்கு எதுக்குடா, நீயே வச்சுக்க" என்று அவர் அப்பாவிடம் தள்ளிவிட்டது. நீளம், அகலம், கனம் எல்லாம் கச்சிதமாக ஒத்துப்போயின. அட்டை போட்டு, பாயின் கையெழுத்தைப் போலவே தலைப்பை எழுதி, அன்று மாலையே அலமாரியில் செருகிவிட்டு வந்தேன். எல்லோரும் எப்போதோ படித்துமுடித்த நாவல், யார் மறுபடி தொடப்போகிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பெரியப்பா தொட்டார்.

பெரியப்பாவுக்குப் பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும். ஞாயிறு தோறும் சந்தைக்கு மூட்டைகளோடு பஸ்ஸில் வருவார். விற்று முடித்ததும் பாய் கடை. ஒரு புத்தகத்தை வைப்பார், ஒன்றை எடுப்பார். சபையில் அவருக்குத் தனி மதிப்பு. எந்த நாவலில் எந்தப் பாத்திரம் எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பெரியப்பா, என் கண்ணெதிரே, பெயரைச் சொல்லிப் பாயிடம் கேட்டு, நான் தயாரித்த நாவலை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, "அடுத்த வாரம் சபையில இதுக்காக நான் பேசப்போறேன் பாய்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த ஏழு நாள் நான் பட்ட பாட்டை நம்ம ஆசிரியர் எழுதியிருந்தால் அதுவே அவருடைய ஆகச் சிறந்த நாவலாகியிருக்கும். திங்களன்று காய்ச்சல் வந்ததாக அம்மாவிடம் சொன்னேன். புதனன்று நிஜமாகவே வந்தது. வியாழக்கிழமை பூம்பாறை பஸ் நின்றபோதெல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். பெரியப்பா உருளைக்கிழங்கிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். முதல் பக்கத்தைப் புரட்டியதுமே விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. அதுதான் பயங்கரம். நாவல்களில் துப்பறிகிறவரும் இப்படித்தான், எல்லாம் தெரிந்துகொண்டு வாயே திறக்க மாட்டார். கடைசி அத்தியாயத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி உட்காரவைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் ஒரே அறையில் கூடியிருந்தார்கள்.

வெளியே மேகம் தெருவுக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தது. கடைக்குள்ளே கரியடுப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். பெரியப்பா என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் மடியில் அந்தப் புத்தகம். நான் வாசலை அளந்து பார்த்தேன். ஓடினால் ஏரி. குதித்தால் நாவலுக்குப் பக்கத்திலேயே போய்ச் சேரலாம்.

வழக்கைத் தொடங்கியவர் கோர்ட்டு குமாஸ்தா. பகலெல்லாம் அடுத்தவர் வாதத்தை எழுதி எழுதி, தானும் ஒருநாள் வாதாட வேண்டும் என்று வெறிபிடித்திருந்த மனுஷர். சட்டப்படி நம்ம ஆசிரியரை இரண்டு நிமிஷம் புகழ்ந்துவிட்டு, என் பக்கம், அதாவது பெரியப்பாவின் மடிப் பக்கம், விரலை நீட்டினார்.

"'அரிக்கேன் விளக்கு மர்மம்.' இதவிட மட்டமானது அலமாரியிலயே இல்ல. கொன்னது யாரு? சமையக்காரன். எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அவன் நொட்டாங்கைக்காரனாம். இத எங்க சொல்றாரு? கடைசிப் பக்கத்துல. அதுக்கு முன்னாடி ஒரு வரி உண்டுமா? கெடையாது. வாசகன ஏமாத்துற கள்ளாட்டம் இது. கிழிங்க பாய்."

கொலைகாரன் சமையல்காரன் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த நிலைமையிலும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நான் டாக்டரைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

பாய் கையைத் தேய்த்துக்கொண்டார். சபையில் ஏழெட்டுத் தலைகள் ஆடின. தோற்றால் புத்தகம் பாயின் கைக்குப் போகும். அட்டை கிழியும். உள்ளேயிருந்து தொழு உரமும் சொறி நோயும் கொட்டும்.

பெரியப்பா நிதானமாகச் சொன்னார். "உண்டுங்க குமாஸ்தா சார். மூணாவது அத்தியாயம். மழை பேயுது. கதவத் தட்டுறாங்க. சமையக்காரன் விளக்க நொட்டாங்கையில புடிச்சிக்கிட்டு வந்து தொறக்கிறான். நீங்க வெரசாப் படிச்சிருப்பீங்க, கண்ணு தாண்டிப் போயிருக்கும்."

"நானா? நான் வெரசாப் படிக்கிறவனா?" குமாஸ்தா எழுந்தே விட்டார். "பத்து தடவ படிச்சிருக்கேன் அண்ணே. இல்லாதத இருக்குன்னு சத்தியம் பண்ணாதீங்க."

"எதுக்குச் சண்ட?" என்றார் பாய். "புத்தகந்தான் கையில கெடக்கே. அண்ணே, அந்த எடத்தைத் தொறந்து வாசிச்சிருங்க. வழக்கு முடிஞ்சிரும்."

 அடுப்பில் கரி வெடிப்பது கேட்டது. பெரியப்பா புத்தகத்தைக் கையில் எடுத்தார். திறக்கவில்லை. சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "ஏலே, நீ வாசி. சத்தமா வாசி."

நான் திறந்தேன். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது இது: 'விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயற்ற, நடுத்தர அளவுள்ள, முளைவிட்ட கிழங்குகளாகப் பார்த்து எடுக்கவும்.'

தொண்டையைச் செருமினேன். கடவுளை நினைத்தேன். நம்ம ஆசிரியரை அதைவிட அதிகமாக நினைத்தேன்.

"வெளியே பேய்மழை கொட்டிக்கொண்டிருந்தது" என்று வாசித்தேன். "டக் டக் என்று கதவு தட்டப்படும் ஓசை கேட்டது. சமையல்காரன் இடது கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, மெல்லத் தாழ்ப்பாளை விலக்கினான்."

"ஆ!" என்றது சபை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கேறிவிட்டது. "அவனுடைய கண்கள்" என்று மேலே போனேன். பார்வை பக்கத்தில் விழுந்துவிட்டது. "நோயற்ற, நடுத்தர அளவுள்ள கண்களாக இருந்தன."

செத்தேன் என்று நினைத்தேன். குமாஸ்தா நெற்றியைச் சுருக்கினார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"நம்ம ஆசிரியர்தான்" என்றார். "வேற எவன் இப்படி எழுதுவான்?"

இதற்கெல்லாம் நடுவில் நான் பார்த்துப் பிரமித்தது பெரியப்பாவைத்தான். அவர் என் தோளோடு தோளாகக் குனிந்து, நான் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே வந்தார். நான் பேய்மழை என்றபோது அவர் விரல் தொழு உரத்தில் இருந்தது. நான் தாழ்ப்பாளை விலக்கியபோது அது சாம்பலில் இருந்தது. "ஆமா, இதான், இந்த வரிதான்" என்று சபைக்குச் சாட்சி வேறு சொன்னார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இப்படி ஒரு கூட்டாளி எந்த நாவலிலும் எந்தக் குற்றவாளிக்கும் வாய்த்ததில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக ஊர் மெச்சும் மனுஷர் பட்டப்பகலில் பொய் சொல்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வருஷம் கிழிபட்டது 'ஈரக் குடை' என்ற நாவல். குடைக்கடைக்காரரான பாய் மனம் நொந்துதான் கிழித்தார்.

சபை கலைந்ததும் பெரியப்பா, "இது ஒரு மாசத்துக்கு எங்கிட்டயே இருக்கட்டும் பாய்" என்று புத்தகத்தை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டார். தடயத்தையும் அவரே ஒழித்துவிடப் போகிறார் என்று நான் அவரை மனதுக்குள் கும்பிட்டேன். அவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு கண்ணைச் சிமிட்டவும் செய்தேன். அவர், "கண்ணுல என்னடா தூசியா?" என்று கேட்டார். என்ன நடிப்பு!

அந்த வருஷம் சித்திரையில்தான் பெரியப்பாவின் ஒரே மகளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு அக்கா பிறந்த வீடு வந்தாள். நாங்களும் பூம்பாறை போயிருந்தோம். வெள்ளனே எழுந்து பூண்டுக் காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்த என்னிடம் அக்கா வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து காக்கி அட்டைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். 

"நேத்து ராத்திரி விரிச்சேன்" என்றாள். "கடையில வாசிச்சது நீதானாமே? அப்பா பெருமையாச் சொன்னாரு."

 அவள் திட்டப்போகிறாள், அப்பாவிடம் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மூணாவது அத்தியாயத்துல அந்த வரி நெசமாவே உண்டுடா தம்பி. போன வருசம் நாந்தான வாசிச்சேன். அப்பா சொன்னது பொய்யில்ல." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இந்தப் புத்தகத்துல என்ன இருந்துச்சுன்னு அந்தக் கடையில யாருகிட்டயும் சொல்லிராத. எங்க அப்பாகிட்டயும் சொல்லிராத. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஏரியில் போட்டவன் நான். பொய் அட்டை போட்டவன் நான். சபையையே ஏமாற்றியவன் நான். கெஞ்சுவது அக்கா! கல்யாணம் ஆனால் பெண்களுக்குப் புத்தி கொஞ்சம் குழம்பும் போல என்று முடிவுகட்டி, பெரிய மனது பண்ணி, "சரி போ, சொல்லல" என்றேன். சும்மா இல்லை, சீர்வரிசையில் வந்த அதிரசம் நாலு வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

ஆறேழு வருஷம் கழித்து, பாகப்பத்திரம் எழுதும்போது ரிஜிஸ்டர் ஆபீசில் நானும் கூட நின்றேன். அப்பா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பெரியப்பா இடதுகைக் கட்டைவிரலை மையில் வைத்தார். தம்பி பள்ளிக்கூடம் போக, காட்டுக்குப் போனவர் அவர் என்று அங்கேதான் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். பாய் கடைப் பெஞ்சில் மாட்டிக்கொள்வோமோ என்று அன்றைக்கு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தனைத்தான் எண்ணியிருந்தேன்.