டிப்ரன்ஷலில் தேயிலைத் தூள்

ஆட்களை வேலை வாங்கும் எங்கள் பெரிய கங்காணியைப் பழிவாங்கும் பொறுப்பை ஒன்பது வயதில் நான் ஏற்றுக்கொண்டேன். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரை எதிர்த்து வாய் திறந்தவர் என் அத்தை ஒருவர்தான். கொழுந்து நிறுக்கும் இடத்தில், "தராச நேரா புடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், அத்தையின் பெயரைக் கூப்பிடவில்லை. செக்ரோல் என்ற பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் வேலை இல்லை, லயத்து வரிசை வீடுகளில் இடமும் இல்லை. அத்தை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீடென்று எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார்.

அப்பா தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரப் பெரிய துரையின் கார் டிரைவர். பழுது பார்ப்பதும் அவரே. துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, காரின் பின்பக்கத்தில் ஓர் ஊளைச் சத்தம் கிளம்பியது. அப்பா என்னைப் பின் சீட்டில் உட்காரவைத்துக் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லி, மேட்டில் ஏறி இறங்கினார். பெடலை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் கரகரப்பு. வளைவில் இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம் மாறவில்லை.

"சக்கரத்து பேரிங் இல்ல. டிப்ரன்ஷல்தான்" என்றார்.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி புடைத்திருக்கும் இரும்புப் பெட்டிதான் அது. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உள் சக்கரம் குறைவாகவும் ஓட வேண்டும் அல்லவா, அதைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியதும் நான் ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினேன். மறுபக்கச் சக்கரம் பின்னால் சுற்றியது. எதிர்த்துச் சுற்றும் அந்தச் சக்கரம் எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அப்பா எண்ணெயை வடித்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். இரும்புத் துகள் மினுங்கியது. பெட்டியைக் கழற்றியபோது சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் உடைந்திருந்தன. கொழும்பிலிருந்து புதுச் சக்கரம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் மிச்சப் பல்லும் முறிந்து பின் சக்கரங்கள் இறுகிக்கொள்ளும் என்று துரையிடம் சொன்னார்.

துரைக்கு எங்கள் தமிழ் வரும், மரியாதை மட்டும் வராது. "புதுசு வேணாம். சத்தம் நிப்பாட்டு. கெட்டி கிரீஸ் போடு, ஸ்டோர் தூள் அள்ளிப் போடு. சனிக்கிழமை கங்காணி கார் பாக்க வாறான்" என்றார்.

வாங்கப் போவது கங்காணி என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அம்மாவுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை. ஓடிப்போய் அம்மா கூட்டி ஒதுக்கிய கழிவுத் தூளை ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். வழியில் கொஞ்சத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு ஒளித்தும் வைத்துக்கொண்டேன், பின்னால் உதவும் என்று. அப்பா மறுக்கவில்லை. அதுவரை துரை சொல்லி அவர் எதையும் மறுத்ததும் இல்லை. தூளையும் கிரீஸையும் பிசைந்து பெட்டிக்குள் அடைத்து மூடினார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். துரை பங்களா வாசலில் நிற்க, அப்பா அவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். கார் பூனை போல வந்து நின்றது. கங்காணி இறங்கவே மனமில்லாமல் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு காருக்கடியில் படுத்தார். பெட்டியின் அடி ஆணியைத் திருகிக் கழற்றினார். ஓடிச் சூடேறிய கறுப்புக் கூழ் தேயிலைத் தூளோடு மெதுவாகச் சட்டியில் இறங்கியது.

"என்ன செய்றே, டிரைவர்?" என்றார் துரை.

அப்பா சட்டியைக் கொண்டுவந்து கங்காணியின் காலடியில் வைத்தார். "உள்ள என்னா இருக்குனு பாத்துட்டு வாங்குங்க" என்றார். துரையின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

கங்காணி காரை வாங்காமலே நடந்து போனார். அன்று மாலையே அப்பாவின் டிரைவர் வேலை போயிற்று. திங்கட்கிழமை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு அனுப்பினார்கள். கிடைத்த சந்தர்ப்பத்தைக் கெடுத்த மனிதரோடு நான் நான்கு நாள் பேசவில்லை. அத்தைதான் கேட்டார்: "அவன் எனக்குச் செஞ்சது மறந்துபோச்சாண்ணே?"

"மறக்கல. அவன்கிட்ட நேரா நின்னு கேப்பேன். நான் பூட்டுன பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்து கேக்க மாட்டேன்" என்றார் அப்பா. எனக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

துரை கப்பலேறி மூன்று மாதம் கழித்து, கங்காணி வேறொரு காரை வாங்க நினைத்து அதைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். அப்பா பின் அச்சைத் திறந்து பார்த்துச் சொன்னால்தான் வாங்குவாராம். ஆள் வந்து கூப்பிட்டபோது அப்பா செடியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வாறேன். மொதல்ல பெரட்டுல என் தங்கச்சி பேரக் கூப்புடட்டும்."

இரண்டு நாள் பெரட்டில் அந்தப் பெயர் வரவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற கூட்டத்தில், அத்தையின் பெயரைக் கங்காணியே கூப்பிட்டார். அத்தை வேண்டுமென்றே இரண்டாவது முறை கூப்பிடும்வரை நின்றுவிட்டுத்தான் முன்னால் போனார்.

அன்று சாயங்காலம் அப்பாவோடு நானும் போனேன். ஒளித்து வைத்திருந்த தகர டப்பாவை அவருடைய சாமான் பைக்குள் போட்டிருந்தேன். ஆணி கழற்றும் சாவியைத் தேடிய கையில் அது அகப்பட்டது.

"இது எதுக்கு?"

"அந்தப் பெட்டிக்குள்ள போட" என்றேன்.

அப்பா எழுந்துபோய்த் தூளை ஒரு தேயிலைச் செடியின் அடியில் கொட்டினார். பீலியில் விழும் தண்ணீரில் கையை நன்றாகக் கழுவித் துடைத்தார். பிறகு காருக்கடியில் படுத்து, சொந்தக் காருக்குச் செய்வதுபோல ஒவ்வோர் ஆணியாகக் கழற்றத் தொடங்கினார். உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி என் அப்பாதான் என்று, காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு அன்று நான் உறுதியாக நம்பினேன்.