ஒரு டம்ளர் மழை

டெல்லியில் இருந்த இரண்டு மாதமும் காலை பத்தே காலுக்கு அப்பாவைப் பார்த்துவிடுவேன். நேரில் இல்லை, போட்டோவிலும் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் நீளமான பட்டியலில், எங்கள் மலையின் பெயர் போட்ட ஒரே ஒரு வரியில். வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 0.0. அதைப் பார்த்ததும், அப்பா இன்றைக்கும் எட்டரை மணிக்கு விடுதிக்குப் பின்னால் நடந்து போய், கம்பி வேலியின் கதவைத் திறந்து, மழைமானிக்கு முன்னால் குனிந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். முழங்கால் வலிக்கிற நாட்களில் குனியும்போது "யப்பா" என்பார். அதெல்லாம் பட்டியலில் வராது, நானே சேர்த்துக்கொள்வேன்.

அப்பா ஜவ்வாது மலைமேல் இருக்கும் அரசு விருந்தினர் விடுதியில் காவலாளி. விடுதியோடு சேர்ந்து வந்த வேலை இந்த மழைமானி. இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய், அதன் தலையில் புனல், உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நோட்டில் எழுதி, கீழே இருக்கும் ஆபீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மழை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வானத்தைப் பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு நடக்கிறாய் என்று அம்மா கேட்பாள். பார்க்காம எழுதக்கூடாது என்பார் அப்பா. எழுதிய எண் எங்கே போகிறது என்று அவருக்கும் தெரியாது. "கீழ போவுது" என்பார். மலையில் இருப்பவர்களுக்கு எல்லாமே கீழேதான் போகும். புளி, சாமை, படிக்கிற பிள்ளைகள் எல்லாம்.

அந்த எண் டெல்லி வரைக்கும் போகிறது என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தபோது, டெல்லியில் மத்திய அரசின் வானிலை அலுவலகத்தில் கோடை விடுமுறைக்குப் பயிற்சி மாணவர்களை எடுக்கிறார்கள் என்று எங்கள் துறை ஆசிரியை சொன்னார். விண்ணப்பம் போட்டேன், கிடைத்துவிட்டது. ஊரில் என்னவோ நான் பிரதமருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போவது மாதிரி பேச்சு. டீக்கடைக்காரர், "அப்டியே நமக்கு இன்னோரு பஸ்ஸு வுடச் சொல்லும்மா" என்றார். ஆலங்காயம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, பிறகு ஜோலார்பேட்டையில் ரயில். ரயில் இரண்டு நாள் ஓடியது. பாதித் தூக்கத்தில் கண் திறந்தபோதெல்லாம் ஜன்னலில் வேறு வேறு நிறத்து மண் போய்க்கொண்டிருந்தது.

அலுவலகம் அந்த ரயிலைவிடக் கனவு மாதிரி. வெளியே அனல் அடிக்கும், உள்ளே ஏசி. நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரை போட்ட பெரிய கூடம். ஒரு சுவர் முழுக்க நாட்டின் மேலே நகரும் மேகங்களின் படம். வெள்ளைத் திட்டுகள் கடலில் பிறந்து, சத்தமே இல்லாமல் கரைக்கு வந்து, மெல்ல மெல்லக் கலைந்து போகும். வேலை இல்லாத நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் மலை அதில் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது போய் அந்த இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தேன். அந்த நகத்துக்கு அடியில் எங்கள் வீடு, விடுதி, பலாமரம், துணி காயப்போடும் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது.

என் வேலையை மேற்பார்வையிட்டவர் ஒரு மேடம். வங்காளத்துக்காரர், நரைத்த கூந்தலைப் பென்சில் செருகி முடிந்திருப்பார். எங்கள் வேலை பழைய மழைக் கணக்குகளைச் சுத்தம் செய்வது. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் பூஜ்யம், ஓர் ஊரில் மட்டும் மழை என்றால் கம்ப்யூட்டர் அந்த வரியைச் சிவப்பாக்கிக் காட்டும். காரணம் புரிந்தால் சரி. புரியாவிட்டால் அந்த மழைமானி நிலையத்தின் அத்தனை வருடக் கணக்கையும் ஒதுக்கிவிட வேண்டும். நம்பத்தகுந்த நிலையங்கள் என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது, அதில் அதற்கு இடம் கிடையாது. ஒரு மழையைக் கற்பனை செய்து எழுதியவர் மற்றவற்றையும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்பது மேடத்தின் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதல் மூன்று வாரத்தில் எத்தனையோ ஊர்களை ஈவிரக்கமில்லாமல் தூக்கி எறிந்தேன்.

நாலாவது வாரம் எங்கள் மலை சிவந்து வந்தது.

மே மாதம். மாதம் முழுக்க 0.0. நடுவில் ஒரே ஒரு நாள் 13.0. ஆலங்காயத்தில் இல்லை, சந்தவாசல் பக்கம் இல்லை, சுற்று வட்டாரத்தில் எங்குமே ஒரு சொட்டு இல்லை. மேடம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இவர் வீட்டிலிருந்தே எழுதியிருக்கிறார், ஒதுக்கிவிடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கோபம் எப்போதுமே என்னைக் கேட்டுக்கொண்டு வராது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, காய்ச்சலில்கூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர், அவர் என் அப்பா என்று படபடவென்று சொல்லிவிட்டேன். மலையில் மழை அப்படித்தான், இந்தச் சரிவில் பெய்யும் அந்தச் சரிவில் பெய்யாது என்று பாடம் வேறு எடுத்தேன். கூடத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் கூந்தலிலிருந்து பென்சிலை உருவினார். உன் அப்பா என்றால் இதை நீ பார்க்கக்கூடாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் வருடத்தைக் கவனித்தேன்.

அந்த வருடம் நான் இரண்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். சாமை விதைக்கக் காத்துக் கிடந்தார்கள், வானம் கண்ணே திறக்கவில்லை. தினமும் காலையில் அப்பா மழைமானியிடம் போய்விட்டு வந்து, அம்மா கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டுவார். எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் இருந்தால் அப்பா சிரிப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. ஒரு விடிகாலை, எல்லோரும் எழுவதற்கு முன்னால், அடுக்களையில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். வேலியின் குறுக்குக் கம்பியில் ஏறி நின்று, கையை நீட்டி, புனலில் ஊற்றினேன். பனிமூட்டம் காலைச் சுற்றி ஓடியது நினைவிருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கும் சத்தம்கூட நினைவிருக்கிறது.

அன்று அப்பா திரும்பி வந்து என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "பதிமூணு மில்லி பேஞ்சிருக்குதுமே" என்றார். சிரித்தார். அம்மா வெளியே வந்து காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். நான் அந்த நாள் முழுக்க மிதந்துகொண்டிருந்தேன்.

இப்போது அதே பதின்மூன்று, ஏசிக் கூடத்தில், சிவப்பாக. நான் பொய்யாக ஊற்றிய ஒரு டம்ளர் தண்ணீருக்காக அப்பாவின் அத்தனை வருடக் காலைகளும் குப்பைக்குப் போகப் போகின்றன.

மேடத்தின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. பரிதாபமாகப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் மலையில் மழை அப்படித்தான் என்றாய், இப்போது நான்தான் ஊற்றினேன் என்கிறாய், நான் எதை நம்புவது என்று கேட்டார். கேள்வி சரிதான். அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கடைசியில், அந்த மாதத்துப் பதிவேட்டின் பக்கம் கிடைத்தால் கொண்டு வா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பட்டியலை மூடாமல் வைத்திருக்கிறேன் என்றார். அந்தப் பக்கத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அந்த எண்ணம்தான்.

மதியம் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் டவர் கிடைப்பது வளைவு ரோட்டில் மட்டும்தான். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அங்கே வந்து நிற்பார் என்று தெரியும்.

"இன்னாம்மா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா. பழைய மழ புக்குங்க எல்லாம் வெச்சிருக்கியா?"

"பொட்டில கீது. இன்னாத்துக்கு?"

"நான் ரெண்டாவது முடிச்சி லீவுல இருந்தேனே, அந்த வருசம் மே மாசம். அதுல ஒரு நாளு பதிமூணுன்னு கீதாம். அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புப்பா." சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. மேடத்திடம் ஆங்கிலத்தில் சொல்ல முடிந்தது அப்பாவிடம் தமிழில் முடியவில்லை.

"பதிமூணா" என்றார் அப்பா. பிறகு, "சரி, தேடி அனுப்புறேன். வெயில்ல சுத்தாத" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் எதுவும் வரவில்லை. நான் மேகப் படத்தின் முன்னால் உட்கார்ந்தபடி, எதையும் பார்க்காமல் இருந்தேன். காலை பத்தே காலுக்கு 0.0 மட்டும் தவறாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை போட்டோ வந்தது. கார்பன் பிரதி. மூலம் கீழே போய்விட்டது, பெட்டியில் இருந்தது இது. எழுத்துகள் நீலமாகக் கசிந்திருந்தன. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று இறங்கி வந்த வரிசையில் 13.0. அதற்கு நேராக, குறிப்பு என்று தலைப்புப் போட்ட, யாரும் எதுவும் எழுதாத கடைசிக் கட்டத்தில், அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து:

"பாட்டிலில் இருந்த நீர் 13.0. மழை இல்லை. என் மகள் ஊற்றியது."

போனை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

மேடம் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, 'என் மகள்' என்ற இடத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவர் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் எண்ணை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், குறிப்புக்கு இங்கே கட்டமே இல்லை என்றார். அவர் சந்தேகப்பட்டே பார்த்துப் பழகியவர். அந்தப் பக்கத்தை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இந்த நிலையம் இருக்கட்டும். அந்த ஒரு நாளை மட்டும் நீயே திருத்திவிடு" என்றார்.

பதின்மூன்றை அழித்துவிட்டு 0.0 என்று தட்டினேன். சிவப்பு போய்விட்டது. அந்த நாள் மற்ற நாட்களோடு சேர்ந்துகொண்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு அந்த மழை போனது வருத்தமாக இருந்தது.

மதியம் மறுபடியும் வேப்பமரத்தடி.

"எப்டிப்பா கண்டுபுடிச்ச?"

அப்பா சிரித்தார். "புனல்ல ரெண்டு சீரகம் ஒட்டிகினு இருந்திச்சி. எந்த மேகம்மா சீரகம் போட்டு காய்ச்சி ஊத்தும்?"

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர் எப்போதும் சீரகம் போட்டுக் காய்ச்சியதுதான். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. நானும் சிரித்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும், சிரித்துக்கொண்டே அழுதேன்.

"அப்பறம் ஏன்பா அன்னிக்கி மழ பேஞ்சிதுன்னு சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"புக்குல நெசத்த எழுதிட்டேன்ல. வூட்ல எதுக்கு அத்த சொல்லிகினு? நீ அவ்ளோ ஆசையா வாசல்ல நின்னுகினு இருந்த."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்க அத்த அழிச்சிட்டு பூஜ்யம் போட்டுட்டேன்பா, நானே" என்றேன்.

"போடத்தான வேணும்" என்றார் அப்பா. "பொட்டில பதிமூணு அப்டியேதான் கீது. நீ சாப்ட்டியா?"