துரைப் பெட்டிக்குள் இருப்பது

செத்துப்போன வால்வு ரேடியோக்களைப் பேச வைத்தேன். கரண்ட் போனால் தானாகப் பற்றிக்கொள்ளும் விளக்கை, கடைகளில் அது விற்பனைக்கு வரும் முன்பே தகர டப்பாவில் கட்டினேன். பண்ணைப்புரம் பக்கம் ஒரு திருவிழாவுக்கு நான் கட்டிய ஆம்ப்ளிபயர் மழையில் நனைந்துகொண்டே பாடியது. ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன் நான். ரெசிஸ்டன்ஸ் என்று இங்கிலீஷில் எழுத இன்றைக்கும் வராது, ஆனால் அதன் மேலுள்ள வண்ணக் கோடுகளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கம்பத்திலிருந்து மலையேறிய ஜீப்புகளில் ஸ்பீக்கர் கிழியாமல் காத்தவன் நான். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்காகச் சொல்ல வேறு ஆள் இல்லை.

போன வாரம் தேனி ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு கார் வந்து பக்கத்தில் நின்று கண்ணாடியை இறக்கியது. பாட்டுக்கு முன்னால் வாசனைதான் என்னிடம் வந்தது. ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் உரசி வார்னிஷ் கருகும் வாசனை. என்னால் சும்மா இருக்க முடியுமா?

“தம்பி, ஒங்க ஸ்பீக்கரு சாகப் போகுது.”

“அதுக்கெல்லாம் ஆம்ப்ளிபயர்லயே ஒரு திருகு இருக்கு தாத்தா. கம்பெனிக்காரனே வச்சுத் தாரான்.”

அந்தத் திருகை அவர் தொட்டதே இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அது எதற்கு என்று சொல்ல வாயெடுத்தேன். கார் போய்விட்டது. பஸ்ஸில் ஊர் வரும்வரை, சொல்ல வந்ததைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் காதில் ஒயர் இருந்தது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

கேசட் போய் சிடி வந்த வருஷங்கள் அவை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பேஸ் பெட்டி, அடிச்சத்தத்துக்கென்றே தனி ஸ்பீக்கர் பெட்டி, இருக்கும். பெண்கள் அதன்மேல் தூக்குவாளியை வைத்துக்கொள்வார்கள். ஜீப்பில் உறுமி மேளம் ஓடாவிட்டால் டிரைவருக்கு மலை ஏறாது. கேசட்டில் உறுமியின் அடிச்சத்தம் பாதிதான் பதியும், அதனால் ஆபத்தில்லை. சிடியில் முழுசாக வந்தது. குச்சியால் தோலைத் தேய்க்கும்போது கிளம்புமே ஓர் அடிவயிற்று முனகல், அது வந்ததும் ஸ்பீக்கர் பேப்பர் மழைத்தவளைத் தொண்டை மாதிரி உப்பி உப்பி அடங்கும். பிறகு டக் டக் என்று இடிக்கும். பிறகு கிழியும்.

பெட்டி செய்தவர் சின்னமனூர் செல்லத்துரை. என் வயதுக்காரர், மரவேலையில் கெட்டி, வாயிலும் கெட்டி. முன்பக்கம் ஒரு குழாய் ஓட்டை விட்டுப் பெட்டி செய்வார். அடி நெஞ்சில் விழும். பெட்டி அவருடையது, உள்ளே ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் ஒயரும் என்னுடையது. கிழிந்ததெல்லாம் கம்பத்தில் என் ரேடியோக் கடைக்குத்தான் திரும்பி வந்தது.

பாண்டி என்கிற டிரைவரின் ஜீப்பில் மட்டும் ஒரு சீசன் முழுக்கக் கிழியவில்லை. சத்தம் சப்பென்று இருக்கிறது என்று மட்டும் வந்து நின்றார். ஓட்டைக்குள் கைவிட்டேன். துண்டில் சுற்றிய ஏலக்காய்ப் பொட்டலம் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து பாயசம் மாதிரி மணத்தது.

“தங்கச்சி கல்யாணத்துக்குத் தோட்டத்துல குடுத்தாகண்ணே. சீட்டுல வச்சா பொம்பளையாளுக மிதிச்சிர்றாக. அதான் அங்கன சொருகுனேன்.”

“எடுத்துட்டு ஓட்டிப் பாருய்யா.”

எடுத்து ஓட்டினார். அடி பிரமாதமாக வந்தது. அந்த வாரமே பேப்பர் கிழிந்தது.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டது. ஓட்டை அடைத்திருந்தால் உள்ளிருக்கும் காற்று பேப்பரைப் பிடித்துக்கொள்கிறது. திறந்திருந்தால், ஓர் அளவுக்குக் கீழே சத்தத்தின் சுருதி இறங்கும்போது காற்றின் பிடி விட்டுப்போகிறது, பேப்பர் அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த அளவுக்குக் கீழே இருப்பது காதுக்கே சரியாகக் கேட்காது. கேட்காத சத்தத்துக்காக ஏன் ஸ்பீக்கர் சாக வேண்டும்? ஆம்ப்ளிபயருக்குள் போகும் முன்பே அதை மறித்துவிட்டால் போதும்.

ஸ்பீக்கர் நடுவில் ஒரு தீக்குச்சியை நிற்க வைத்து ஒட்டினேன். பக்கத்தில் பள்ளிக்கூடத்து ஸ்கேலை நட்டேன். உறுமியை ஓட விட்டு, குச்சி எவ்வளவு குதிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டன்சரை மாற்றினேன். ஒரு ஐசி, நாலைந்து கண்டன்சர், சில ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான், அந்தச் சத்தத்தை வடிகட்டும் பில்டர். அடி குறையக் கூடாது, குச்சியும் எல்லை தாண்டக் கூடாது. துரை பெட்டிக்குப் பெட்டி குழாய் நீளத்தை மாற்றுவார், நானும் பெட்டிக்குப் பெட்டி புதிதாக அளக்க வேண்டும்.

“ஓட்டைய நான் போடுறேன், அதுக்குப் பூட்ட நீ போடுறயாக்கும்” என்று சிரிப்பார்.

செய்து முடித்த பெட்டியில் சூட்டுக்கோலால் ‘துரை’ என்று தீய்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் கோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்ப்பா, ஒம் பேரையும் இங்கன போட்டுருவமா?”

“சும்மா இருய்யா. பேரப் போட்டா உள்ள என்னமோ இருக்குன்னு எவனாவது நோண்டுவான்.”

பில்டரைப் பெட்டியின் மூலையில் வைத்துத் தாரை உருக்கி ஊற்றி மூடினேன். ஒரு பயலும் காப்பியடிக்க முடியவில்லை, இதிலும் நான் கெட்டிக்காரன்தான். கிழியாத பெட்டி என்று பெயர் பரவியது. குமுளி டிரைவர்கள் “கொள்ளாம்” என்று மலையாளத்தில் மெச்சித் தலையாட்டி வாங்கிப் போனார்கள். எல்லோருக்கும் அது துரைப் பெட்டி.

ஜீப்பெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதே துரை இறந்துபோனார். சின்னமனூரில் அவர் தெருவில் ஜீப்புகள் வரிசையாக வந்து நின்றன. டிரைவர்கள் பின்கதவைத் திறந்து வைத்து, எல்லோரும் ஒன்றுபோல உறுமியைப் போட்டார்கள். தெரு அதிர்ந்தது. நான் ஓரமாக நின்று பேப்பர்களைத்தான் பார்த்தேன். முனகல் வந்தது. ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை.

பாண்டி என் தோளைப் பிடித்து அழுதார். “என்னா கைண்ணே அவுக கை! ஒரு பேப்பர் கிழிஞ்சதுண்டா?”

அது யார் கை என்று சொல்லக்கூடியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். துரையின் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்து, “அண்ணே, நீங்களும் அவுககூடக் கொஞ்ச நாளு வேல பாத்தீகள்ல?” என்றார். ஆமாம் ஆத்தா என்றேன்.

அந்த ஜீப்புகள் இப்போது இல்லை. சிடி இல்லை, என் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். நான் மறித்த சத்தத்தை ஒரு திருகு மறிக்கிறது, அதையும் திருகுவாரில்லை. சாயங்காலம் என் மேசையில் ஈயம் பற்ற வைக்கும் கோலைச் சூடேற்றி, பற்ற வைக்க எதுவுமில்லாமல் அணைத்துவிடுகிறேன். அந்தப் புகை வந்தால் யாரோ கடைக்கு வந்திருப்பது போலிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கம்பம், குமுளி பக்கம் உங்கள் வீட்டு மச்சிலோ ஷெட்டிலோ ‘துரை’ என்று தீய்த்த பெட்டி கிடந்தால், திருகாணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுங்கள். மூலையில் சோப்புக்கட்டி அளவில் கருப்பாகத் தார் உறைந்திருக்கும். இனி மறைக்க வேண்டியதில்லை, உடைத்துப் பாருங்கள். பெட்டி செல்லத்துரையுடையது, அதில் எனக்குச் சண்டையில்லை. கிழியாமல் காத்தது கம்பத்து ரேடியோக்காரன். அதைப் பெட்டி மேலேயே எழுதி வையுங்கள். துரை தன் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் தீய்த்திருப்பார்.