எடைச்சீட்டுக் கூடு

சரக்கு லாரிகளை ஏற்றி நிறுக்கும் இரும்பு மேடையின் ஓரத்தில் ஒரு சிற்றறை. அதனுள் ஒரு மேசை, எடையைக் காட்டும் கருவி, சீட்டு அச்சிடும் இயந்திரம், சுவரோரமாக ஒரு மரப்பலகை. இருபத்தாறு ஆண்டுகளாக எடைக்காரரின் உலகம் அதுவே. மனைவி மறைந்த பின், இந்த இரண்டு ஆண்டுகளாக உறக்கமும் அப்பலகையின் மேல்தான். ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் அவருக்கு வீடு ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை சென்று உடை மாற்றிக்கொண்டு, விளக்கைக்கூடப் போடாமல் பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

மனைவி இருந்த நாளில் அவ்வீட்டில் ஓயாத பேச்சு. அடுப்போடு பேசுவார்; சொட்டும் குழாயை வைவார். கணவரின் சட்டைப் பைகளில் திணிந்து வரும் கழிவுச் சீட்டுகளைத் துவைக்குமுன் எடுத்து, "லாரி எடையெல்லாம் என் தலையில!" என்று முணுமுணுத்தவாறு அலமாரியில் சேர்த்து வைப்பார். சீட்டின் பின்புறம் வெள்ளைத் தாளாயிற்றே. வாங்க வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் அதில் எழுதிக்கொள்வார். அந்த அலமாரியை எடைக்காரர் இரண்டு ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

எடையறையிலோ பேச்சென்று ஒன்றுமில்லை. லாரி ஏறும், எண் தோன்றும், அவர் அதைச் சொல்வார், லாரி இறங்கும். "பன்னிரண்டு முந்நூற்று நாற்பது" என்பதே சில நாள்களில் அவர் திருவாய் மலர்ந்த மிக நெடிய வாக்கியம்.

அவ்வாறிருக்கையில், கூண்டுகள் ஏற்றிவந்த ஒரு லாரியிலிருந்து கம்பி விலகித் தப்பியது ஒரு செந்நிற நாட்டுக்கோழி. அரை மணி நேரம் துரத்திக் களைத்த ஓட்டுநர், "நீங்களே வெச்சுக்குங்க அண்ணே" என்று கைகூப்பிவிட்டுப் போனார். எதிர்ப்புறப் பஞ்சர் கடையில் ஒரு சேவல் இருந்தது. மூன்று வாரத்திற்குள் மேசைக்கடியில், கழிவுச் சீட்டுகளைப் போடும் அட்டைப்பெட்டியில், ஒன்பது முட்டைகள் சேர்ந்தன. கோழி அடையில் அமர்ந்தது. கால் நீட்டினால் இறகு சிலிர்த்து உறுமும்; ஆகவே எடைக்காரர் காலை மடக்கியே வேலை செய்யப் பழகினார். எண்ணைச் சொல்லி லாரியை அனுப்பியதும் குனிந்து, "கேட்டியா?" என்று அதனிடம் வினவும் வழக்கமும் உண்டாயிற்று.

கோழி அடை அமர்ந்த பத்தொன்பதாம் நாள் காலையில் மேலாளர் வந்தார்.

"நாளைக்கு இந்த ரூமை இடிக்கிறாங்க. புது மெஷின் வருது. சாமானெல்லாம் இன்னிக்கே எடுத்துடுங்க."

"ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா சார்? குஞ்சு பொரிக்கிற நேரம்."

"யாருக்கு?"

எடைக்காரர் கீழே காட்டினார். மேலாளர் குனிந்து பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது.

"கோழிக்காக வேலையை நிறுத்தச் சொன்னேன்னா, அப்புறம் என்னையத்தான் அடை வெப்பாங்க."

முட்டை விற்கும் கோழிக்காரம்மாவை எடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "இந்த நேரத்துல நகத்தவே கூடாது அண்ணே. வேற வழியில்லைன்னா பொழுது சாஞ்சப்புறம் தூக்குங்க. முட்டையை உருட்டாதீங்க. மேல இருக்கிற பக்கம் மேலயே இருக்கணும். கோழி மட்டும் எழுந்து போயிடுச்சுன்னா, முட்டை ஆறிப்போயிடும். உள்ள இருக்கிற உசுரும் போயிடும்."

அவர் சொன்னவற்றை எடைக்காரர் வழுவாது செய்தார். சொல்லாத ஒன்றையும் செய்தார். புதிய மூங்கிற்கூடை வாங்கி, தூய வைக்கோலை மெத்தென்று பரப்பினார். பொழுது சாய்ந்ததும், பென்சிலால் முட்டைகளின் மேற்புறத்தில் குறியிட்டு ஒவ்வொன்றாக மாற்றினார். எச்சம் படிந்த பழைய பெட்டியைக் குப்பையென ஒதுக்கினார்.

வழக்கமாகச் செங்கல் ஏற்றிவரும் ஓட்டுநர் வண்டி தந்தார். முகத்தை நாள்தோறும் மழிப்பவர்; ஆயினும் எல்லோருக்கும் அவர் 'மீசை'. மடியில் கூடையும், துணி போர்த்திய கோழியுமாக எடைக்காரர் அருகே அமர்ந்தார். லாரி நடை வேகத்தில் ஊர்ந்தது.

"ஏன்யா, டயருக்கு வலிக்குதா?" என்று முந்திச் சென்ற ஒருவர் கத்தினார்.

"உள்ள பிரசவ கேஸுய்யா!" என்று மீசை திருப்பிக் கத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "குலுங்கலையே அண்ணே?" என்றார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மீசை போய்விட்டார். எடைக்காரர் சன்னல் வழி வந்த தெருவிளக்கின் வெளிச்சத்திலேயே கூடத்தில் கூடையை வைத்துத் துணியை விலக்கினார். கோழி வைக்கோலை ஒரு முறை கொத்தியது. எழுந்தது. இறங்கி, கதவருகே போய் நின்றுகொண்டு, போக விடு என்பதுபோல் கொக்கரித்தது. தூக்கி வைத்தார், இறங்கிற்று. மறுபடியும் வைத்தார், மறுபடியும் இறங்கிற்று. முட்டைகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடு தணிந்துகொண்டிருந்தது.

"பழைய கூடு எங்க?" என்று தொலைபேசியில் கேட்டார் கோழிக்காரம்மா.

"அழுக்கா இருந்துச்சும்மா. அங்கேயே விட்டுட்டேன்."

"அடக் கடவுளே! உங்களுக்குத்தான் அது அழுக்கு. அதுக்கு அதுதானே வீடு? எதுல படுத்திருந்துச்சு?"

"எடைச்சீட்டுல."

சொன்ன மாத்திரத்தில் அவர் பார்வை அலமாரியின் மேல் விழுந்தது. விளக்கைப் போட்டு அதைத் திறந்தார். துணிப்பை நிறையச் சீட்டுகள். ஒரு பக்கம் லாரியின் எடை. மறுபக்கம் அவர் மனைவியின் சாய்ந்த கையெழுத்து. படித்துப் பார்க்க நேரமில்லை; படித்திருந்தால் கிழிக்கவும் மனம் வந்திராது. இரண்டு கையாலும் கிழித்தார். முட்டைகளை மெல்ல ஒதுக்கி, வைக்கோலை அள்ளி வெளியே எறிந்து, சீட்டுகளைப் பரப்பினார்.

தாளின் சலசலப்புக் கேட்டுக் கோழி கழுத்தைத் திருப்பியது. தானே நடந்து வந்தது. கூடையில் ஏறி, கால்களால் சீட்டுகளைக் கீறி, அலகால் ஒரு முட்டையை வயிற்றின் கீழ் இழுத்துக்கொண்டு, உடலை அகல விரித்து அமர்ந்தது. அவர் கையை நீட்டியபோது உறுமவும் செய்தது. அவ்வுறுமலைக் கேட்ட பின்னரே அவருக்கு மூச்சு வந்தது.

அன்று அவர் கூடையருகே தரையிலேயே படுத்தார். இரண்டாம் நாள் விடியலில் விழித்தபோது, கோழியின் மார்பின் கீழிருந்து ஒரு சீட்டுத் துண்டு வெளியே நீண்டிருந்தது. 'குழாய் சொட்டுது. ஆளைக் கூப்பிடணும். இவர்கிட்ட சொல்லிப் புண்ணியமில்ல' என்று அதில் எழுதியிருந்தது.

அதை எடுக்க அவர் விரல் நெருங்கியபோது, ஏதோ ஓர் ஓட்டுக்குள்ளிருந்து நூலினும் மெலிந்த ஒரு குரல் எழுந்தது. கோழி தொண்டைக்குள்ளாகவே அதற்கு மறுமொழி கூறியது. மீண்டும் அக்குரல்; மீண்டும் மறுமொழி.

எடைக்காரர் கையைப் பின்னிழுத்துக்கொண்டார். வழக்கம்போல் குனியவில்லை. ஆளில்லாத அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பி,

"கேட்டியா?" என்றார்.