வெறும் தண்ணீருக்குக் கத்திய அம்மா

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அண்ணன் சுன்னாகத்தில் ஒரு கடையிலிருந்து பழைய சுறாப் படமொன்றின் டிவிடி வாங்கி வந்தான். கடலில் குளிக்க வருகிறவர்களை ஒரு பெரிய சுறா ஒவ்வொருவராகத் தின்னும் கதை. அப்பா வெங்காயத் தோட்டக்காரர். கடலை நாங்கள் பார்ப்பது எப்போதாவது அம்மாவின் ஊரான வல்வெட்டித்துறைக்குப் போகும்போதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நால்வரும் ஆவலாக உட்கார்ந்தோம்.

பாதிப் படம் வரை சுறாவையே காட்டவில்லை. அசையாத தண்ணீர், அதற்குள் நீந்தும் கால்கள், மறுபடியும் தண்ணீர். அண்ணன் கொட்டாவி விட்டான். மீனைக் காட்டாத மீன் படம் என்ன படம் என்று எனக்கும் எரிச்சலாக இருந்தது. அம்மா மட்டும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஒரு பையன் தனியாக ஆழத்துக்கு நீந்திப் போனதும் எழுந்து நின்று, "ஐயோ, அந்தப் பிள்ளையை வெளியிலை வரச் சொல்லுங்கோ! ஆராவது கூப்பிடுங்கோவன்!" என்று கத்தினார்.

ஒருவழியாகச் சுறா வந்தது. வாயைத் திறந்தபோது ரப்பர் பல் ஆடியது. அப்பாவே சிரித்துவிட்டார். ரப்பர் என்று தெரிந்தும் நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். அம்மாவோ நிதானமாக எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

"மீன் வரேக்கை எழும்பிப் போறியள். வெறும் தண்ணிக்கு ஏனம்மா கத்தினியள்?" என்று அண்ணன் கேட்டான்.

"மீன் வந்தால் என்னெண்டு தெரியுதெல்லே," என்றார் அம்மா.

எங்களுக்கு இது பெரிய பகிடியாகிப் போனது. அண்ணன் தரையில் படுத்து நீந்துவான். நான் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து, நெஞ்சில் கைவைத்து, அம்மாவின் குரலிலேயே கத்துவேன். அயல் வீடுகளிலும் நடித்துக் காட்டினோம். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்தார்.

அடுத்த மாதம் வல்வெட்டித்துறையில் பெரியம்மா புதுவீடு குடிபுகுந்தார். அம்மாவின் சொந்தமெல்லாம் கூடியிருந்த விறாந்தையில், யாரும் கேட்காமலே நாங்கள் நாடகத்தைத் தொடங்கினோம். இம்முறை நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா பலகாரத் தட்டுடன் அப்படியே நின்றார். ஒரு மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"இவளுக்கு நல்லா நடிக்க வரும்," என்று சொல்லி அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏனம்மா ஒருத்தரும் சிரிக்கேல்லை?"

"அவையள் அந்தப் படம் பாக்கேல்லைப் பிள்ளை."

நானும் நம்பினேன். அதன்பிறகு அம்மா எங்களோடு உட்கார்ந்து எந்தப் படமும் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "நீங்கள் பாருங்கோ, எனக்கு வேலை கிடக்கு," என்பார். அந்த வேலை ஒருநாளும் முடியவில்லை.

அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்ததும், அவர் சின்ன வயதிலேயே இறந்ததும் எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. போன வருடம் பெரியம்மாதான், நான் கேட்காமலே சொன்னார்.

"கரைக்குக் கிட்டத்தான் குளிச்சுக்கொண்டு நிண்டவன். திடீரெண்டு தண்ணிக்குள்ளை தாண்டு போனான். தண்ணி அலைகூட இல்லாமல் கிடந்ததாம். சுழியோடி விளையாடுறான் எண்டு நினைச்சு உன்ரை அம்மா கரையிலை சிரிச்சுக்கொண்டு நிண்டவள். அப்ப அவளுக்குப் பத்து வயதுதான். கத்தியிருந்தால் ஆராவது ஓடி வந்திருப்பினம் எண்டு இண்டைக்கும் சொல்லி அழுவாள்."

அந்தப் படத்தின் குறையை, ஆடிய ரப்பர் பல்லை, நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். மீன் இல்லாத அந்த வெறும் தண்ணீர் என்ன செய்யக்கூடியது என்பது எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அம்மா அத்தனை வருடம் கழித்துக் கத்திய அந்தக் குரலைத்தான் நான் வீடு வீடாகக் கொண்டுபோய் விளையாட்டுக் காட்டினேன்.