பெரியவன் படத்தின் மேல் இரண்டாவது வரி

செய்தி வந்தபோது காலை பதினொன்றே கால். பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அடுத்த வாரம் நேரம் குறித்துக்கொண்டிருந்தாள் தங்கை. போனில் அண்ணனோடு வேலை பார்க்கும் கூட்டாளி.

"தங்கச்சி, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் அவர் ஆரம்பித்தார். அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

நாலாவது மாடிக்கு மேலே படிக்கட்டுத் திருப்பத்தில் அண்ணன் கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். "நீ போய் மோட்டார் ரூமைத் திற, நான் மூச்சு வாங்கிட்டு வர்றேன்" என்றிருக்கிறான். கூட்டாளி மேலே போய் அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, "இன்னுமா மூச்சு வாங்குறீங்க?" என்று கேலி பண்ணிக்கொண்டே இறங்கி வந்திருக்கிறார். அண்ணன் சுவரில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே ஏத்தி இறக்குறவன் நான். எனக்குன்னு வாய்ச்சது படிக்கட்டு. நான் போற இடத்துல எல்லாம் லிஃப்ட் ஓடாது" என்பது அவனுடைய பழைய ஜோக். ஓடுகிற லிஃப்டுக்கு மெக்கானிக்கை யார் கூப்பிடப்போகிறார்கள்? அந்த ஜோக்கை அவன் சொல்லும்போதெல்லாம் அம்மா மட்டும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பாள். கடைசி மூன்று வருடங்களில் அது அவளுக்கு உண்மையிலேயே புதிதாகத்தான் இருந்தது.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எவனோ லிஃப்டுல மாட்டிக்கிட்டான்னு பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுவேன். எந்த மகராசி பொறுத்துக்குவா?" என்பான். அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்தான். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. வேலை முடிந்ததும் நேராக அம்மாவிடம் வருவான், சரியாக ஆறு மணிக்கு. கொஞ்ச நேரம் இருந்து, அம்மா சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவான்.

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுவதில் அவன் கெட்டிக்காரன். கதவுக்கு வெளியே நின்று வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லவே மாட்டான். "அந்த வார்த்தையைக் கேட்டாத்தான் பயமே வரும். இன்னிக்கு என்ன சமைச்சீங்கன்னு கேளு. பதில் சொல்லிக்கிட்டே வெளிய வந்துடுவாங்க." அம்மாவுக்கு மறதி வந்தபோதும் இதே கதைதான். 'மறந்துட்டியா?' என்று அவளிடம் யாரும் கேட்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டான்.

அம்மாவின் கட்டிலுக்கு எதிரே, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் தாள் அவன் செய்ததுதான். முதலில் முகங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றின் கீழேயும் பெயர் எழுதினான். அம்மா ஒவ்வொரு பெயரையும் அதற்குக் கீழே இருந்த முகத்தோடு சேர்த்துப் படித்தாள். ஆகவே எழுத்து படத்தின் மேலேயே உட்கார வேண்டும் என்று முடிவு பண்ணினான். கம்பெனி ஆபீசில் இருந்த பெண், இணையத்திலேயே டாக்குமென்ட் எழுதுகிற வசதியைக் காட்டிக் கொடுத்தாள். அவன் போனிலும் திறக்கலாம், தங்கை கிளினிக் கம்ப்யூட்டரிலும் திறக்கலாம். படத்தைத் தொட்டு, 'எழுத்துக்குப் பின்னால்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் அசையாமல் நிறுத்திவிட்டால், படம் சுவர் மாதிரி பின்னால் போய்விடும். அதன் மேல் எழுதிக்கொள்ளலாம். படங்களைக் கொஞ்சம் இருட்டாக்கி, வெள்ளையில் தடித்த எழுத்தாக வைத்தான். எழுத்தை வேண்டுமென்றே அம்மாவின் பேச்சிலேயே எழுதினான்.

நான்கு முகங்கள்.

'கீழ்வீட்டு டீச்சர். சாவி இவங்ககிட்ட இருக்கு.'

'பெரியவன். உன் மூத்த பிள்ளை.' அதற்குக் கீழே இரண்டாவது வரி: 'சாயங்காலம் ஆறு மணிக்கு வருவான்.'

'பாப்பா. உன் பொண்ணு.' கீழே: 'உன்கூடத்தான் இருக்கா.' தலையில் பாதி நரைத்துவிட்டது, அம்மாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அப்பா. அவர் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "அவர் எங்கே?" என்று அம்மா முதல் தடவை கேட்டபோது தங்கை உண்மையைச் சொல்லிவிட்டாள். அம்மா அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறவளாக அழுதாள். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அழுதாள். மூன்றாம் நாள் அண்ணன் தலையிட்டான். "ஒரு சாவுக்கு ஒரு தடவை அழுதா போதும் பாப்பா. அவளைத் தினமும் தாலியறுக்க வைக்காதே." அப்பாவின் படத்தின் மேல், 'அப்பா. உன் வீட்டுக்காரர்' என்று மட்டும் எழுதினான். எங்கே, எப்போது வருவார், எதுவும் கிடையாது. "யாரு, என்ன உறவு. அதுல பொய் இல்லை. வர்றவங்களுக்குத்தான் ரெண்டாவது வரி." வரி இல்லாததால் அம்மா அப்பாவைத் தேடுவதை மெல்ல விட்டாள். எழுதியிருந்தால்தான் எதிர்பார்ப்பாள்.

ஒரு தடவை தங்கை, தாளின் உச்சியில் மாத்திரை நேரத்தைச் சேர்க்கலாம் என்று கிளினிக்கில் உட்கார்ந்து தட்டினாள். படங்கள் அசையாமல் நின்றன, எழுத்துகள் எல்லாம் ஒரு முகம் கீழே வழுக்கிவிட்டன. வாசலில் நோயாளிகள் காத்திருந்த அவசரத்தில், பார்க்காமல் அச்செடுத்து வந்து ஒட்டிவிட்டாள். மறுநாள் ஆறு மணிக்கு அண்ணன் உள்ளே நுழைந்ததும் அம்மா மரியாதையாக எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

அண்ணன் தாளைப் பார்த்தான். டீச்சரின் முகத்தின் மேல் 'அப்பா. உன் வீட்டுக்காரர்' என்று இருந்தது. அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பையிலிருந்து தன் அறைச் சாவியை எடுத்துக் காட்டினான்.

"பத்திரமா இருக்கும்மா. உங்க பெரியவன் எங்கே?"

"வருவான். ஆறு மணிக்கு."

"நல்ல பிள்ளையா?"

"வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாள் அம்மா.

சமையலறையில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. கீழ்வீட்டு டீச்சர் மட்டும் ஒரு வாரத்துக்கு, "என்னைப் போய் வீட்டுக்காரர் ஆக்கிட்டீங்களே!" என்று மாடிப்படியில் மடக்கி மடக்கிச் சண்டை போட்டாள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் படத்தையும் எழுத்தையும் ஒன்றாகக் கட்டிவிடும் வழியைக் கண்டுபிடித்தான். வரைகிற கட்டம் ஒன்றைத் திறந்து, படத்தை உள்ளே வைத்து, அதன் மேல் எழுத்துப் பெட்டியைப் போட்டுச் சேமித்தால், இரண்டும் ஒரே துண்டாகிவிடும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றும் கூட வரும். அப்பாவைக் கட்டினான், டீச்சரைக் கட்டினான், பாப்பாவைக் கட்டினான். அதற்குள் எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாகப் போன் வந்தது. "என்னோடது கிடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எழுந்து போனான். அந்த அப்புறம் வரவேயில்லை.

அம்மாவை அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா, அம்மாவின் தம்பி, வெளியூரிலிருந்து வந்திருந்தவர், அதில் பிடிவாதமாக நின்றார். "பெத்தவகிட்ட மறைக்கிறது பாவம்." அம்மா பார்த்தாள். எல்லாம் புரிந்துதான் அழுதாள். அண்ணனின் கையை எடுத்து நகக்கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே அழுதாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்து, வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டி பாப்பா, மணி ஆறாச்சே. பெரியவனைக் காணோம்?"

மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"வேலை இருக்கும்மா" என்றாள் தங்கை.

மறுநாளும் வேலை இருந்தது, அதற்கு மறுநாளும். அம்மா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று தட்டைத் தள்ளி வைப்பாள். பகலெல்லாம் வீங்கிய கன்னங்களுக்கு நேரம் குறித்துவிட்டு வந்து, தங்கை தினமும் அதே பொய்யை அதே குரலில் சொன்னாள். அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. அவளுக்கு உடம்பு முழுக்க ஈரத் துணி சுற்றியதுபோல் இருந்தது.

"திரும்பவும் சொல்லிப்பாரு" என்றார் மாமா, ஊருக்குக் கிளம்பும்போது.

"எத்தனை தடவை மாமா? நீங்க இருந்து சொல்றீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அந்தப் படத்தையே எடுத்துடும்மா" என்றாள் டீச்சர். "பார்த்தாத்தானே தேடுவாங்க."

கிளினிக்கில் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் தங்கை டாக்குமென்டைத் திறந்தாள். அண்ணன், நீலச் சீருடையில், மார்பின் மேல் இரண்டு வரியோடு. டீச்சர் சொன்னதைச் செய்துதான் பார்ப்போமே என்று படத்தைத் தொட்டு அழித்தாள். முகம் போயிற்று. எழுத்து போகவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து, கண்ணுக்குத் தெரியவில்லை. கர்சர் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ தாண்டித் தாண்டிப் போவதுபோல நகர்ந்தது. பதறிப்போய், செய்ததைத் திருப்பினாள். அண்ணன் வந்தான்.

மற்ற மூவரும் கட்டப்பட்டவர்கள், கட்டத்தைத் திறந்தால்தான் எழுத்தைத் தொட முடியும். அண்ணனின் எழுத்து மட்டும் அவிழ்ந்தே கிடந்தது. இரண்டாவது வரியின் கடைசியில் கர்சரை வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'வருவான்' போனது. 'மணிக்கு' போனது. 'ஆறு' என்பதில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளேயிருந்து டாக்டர், "அடுத்த ஆளை அனுப்பும்மா" என்றார். அனுப்பிவிட்டு வந்து மிச்சத்தையும் அழித்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்து அச்செடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பழைய தாளைக் கிழியாமல் பிரித்து, புதியதை ஒட்டினாள். ஆறு மணி ஆயிற்று. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, எப்போதும்போல விரலை நீட்டி மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"அப்பா. உன் வீட்டுக்காரர்."

"கீழ்வீட்டு டீச்சர். சாவி இவங்ககிட்ட இருக்கு."

"பெரியவன். உன் மூத்த பிள்ளை." விரல் ஒரு கணம் கீழே இறங்கி, நீலச் சட்டையில் எதையும் காணாமல், அடுத்த முகத்துக்கு நகர்ந்தது. "இதுகூட எழுதி வைக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

அம்மா கதவைப் பார்க்கவில்லை. தட்டைத் தள்ளி வைக்கவில்லை. பசித்த பிள்ளைபோல முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். இத்தனை நாளாக இதற்குத்தான் தங்கை ஏங்கினாள். இப்போது கூடத்தில் நின்றிருந்தபோது, இனி அண்ணனுக்காகக் காத்திருக்க உலகத்தில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வாசலில் ஏதோ சத்தம் கேட்டது. அவள்தான் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படியில் யாரோ தாண்டிப் போனார்கள்.

தட்டைக் கழுவி வைத்தாள். போனில் டாக்குமென்டைத் திறந்து, அண்ணனின் படத்தையும் அந்த ஒற்றை வரியையும் ஒரே துண்டாகக் கட்டிவிடலாம் என்று பார்த்தாள். கட்டிவிட்டால் அவனும் அப்பாவைப் போலவே ஆகிவிடுவான். மூடி வைத்துவிட்டாள்.

அந்தத் தாளில் மூன்று படங்களில் எழுத்து படத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. பெரியவனுடையது இன்னும் கட்டவில்லை.