விரிசல் விட்ட கண்ணாடியும் அக்கா வைத்த பொட்டும்

வசந்தாக்கா, உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நம் அம்மனை நம்பி வாழ்கிற எல்லாருக்கும் வணக்கம். என் பெயர் பாபு. ஆஸ்டின் டவுனில் அம்மாவோடு இருக்கிறேன். வாடகைக் கார் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, அதுவும் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். எழுத்தில் தப்பு இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்டாதீர்கள். கோயில் வாசலில் பார்த்தபோது பூசாரி ஐயா, "நடந்தத அப்பிடியே எழுதிக் குடுப்பா, ஆடித் திருவிழா மலர்ல போடலாம்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

போன ஆவணியில் எங்கள் அக்கா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன். பின் சீட்டில் படுத்துக்கொண்டு, "மெதுவா போடா, ஸ்பீட் பிரேக்கர்ல வயிறு வலிக்குது" என்றாள். திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் வந்தாள். நான் அதற்குப் பின்னால் காரில் வந்தேன். அவ்வளவுதான். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அவளுக்காக நான் அம்மனிடம் எவ்வளவு கெஞ்சினேன் என்று அம்மனுக்குத் தெரியும். கேட்டது கிடைக்கவில்லை. அன்றோடு சாமி கும்பிடுவதை விட்டுவிட்டேன். வீட்டில் விளக்கு எரியும், நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

இனி கார் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கார் வாங்க வைத்ததே அக்காதான். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். "எத்தன நாளைக்குடா அடுத்தவன் வண்டிய தொடச்சிக்கிட்டு இருப்ப?" என்று கேட்டுக் கேட்டே என்னை வாங்க வைத்தாள். ஆனி மாதம் வண்டி வந்தது. ஷோரூமிலிருந்து நேராக நம் கோயில் வாசலுக்குத்தான் கொண்டுவந்தோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அக்கா ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். குங்குமம் தனியாக.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அவள் பொட்டு வைக்காத சாமானே இருக்காது. கேஸ் அடுப்பு, சிலிண்டர், மிக்சி, சுவிட்ச் போர்டு, குழாய் எல்லாவற்றுக்கும் வைப்பாள். புது வண்டியைச் சும்மா விடுவாளா? முன் கண்ணாடியில், இடது பக்க மேல் மூலையில், மூன்று விரலால் மஞ்சள் வைத்து நடுவில் குங்குமம் வைத்தாள். அதுவும் கண்ணாடிக்கு உள்பக்கம்.

"எல்லாரும் வெளியதான வைக்கறாங்க. நீ ஏங்க்கா உள்ள வைக்கற?" என்று கேட்டேன்.

"வெளிய வெச்சா ஒரு மழைல போயிடும்டா லூசு. மழையும் படக்கூடாது, உன் துடைக்கற துணியும் படக்கூடாது. அந்த மாதிரி எடமா பாத்து வைக்கணும்."

"அப்ப பிரேக்குக்கும் வைப்பியா?"

"அதுக்குத்தான் நெறைய வைக்கணும். நீ ஓட்டற ஓட்டுக்கு இந்தக் கிண்ணம் பத்தாது."

அந்த நேரம் பூசாரி ஐயா சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். அர்ச்சனை முடிந்து நான் வெளியே வந்தபோது அக்கா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள்.

"என்னக்கா, கார்லயே மஞ்ச குளிச்சிட்டியா?"

"பேசாம வண்டிய எடுடா" என்று சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அவள் போன பிறகு அந்தக் கண்ணாடிப் பொட்டுதான் எனக்கு அக்கா. உற்றுப் பார்த்தால் விரல் ரேகை தெரியும். தைத்துத் தைத்து ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய தழும்பு இருந்தது அவளுக்கு. அது கூட மஞ்சளில் விழுந்திருந்தது. தினமும் கண்ணாடி துடைக்கும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவேன்.

புரட்டாசியில் ஓசூர் ரோட்டில் போகும்போது முன்னால் போன லாரியிலிருந்து ஒரு கல் பறந்து வந்தது. டக் என்று ஒரு சத்தம். பார்த்தால் கண்ணாடியில், இடது பக்கம் கீழே, கடுகு அளவுக்கு ஒரு புள்ளி. தொம்மலூரில் எங்கள் ஸ்டாண்டில் நாகராஜ் என்று ஒருவன் இருக்கிறான். அவனும் டிரைவர்தான், என் சிநேகிதன். அவனிடம் காட்டினேன்.

"கண்ணு பட்டிருக்கு மச்சா. புது வண்டி இல்ல? கல்லோட போச்சேன்னு சந்தோஷப்படு. மேல ஒரு கருப்புப் பொட்டு ஒட்டிடு, திருஷ்டியும் கழியும், ஓட்டையும் தெரியாது" என்றான்.

எனக்கும் சரியென்று பட்டது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் கருப்பு ஒன்றை எடுத்து ஒட்டினேன். அப்போதே கண்ணாடிக் கடையில் காட்டியிருந்தால் ஏதோ பசை விட்டு அடைத்திருப்பார்களாம். எனக்கு அது தெரியாது. திருஷ்டி என்றால் கடைக்கா போவோம்?

பிறகு ஆயுத பூஜை வந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பண்டிகை கிடையாது, கோயில் படியும் ஏறக்கூடாது. அதனால் வண்டியை ஸ்டாண்டு ஓரத்தில் வெயிலில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். மற்ற வண்டிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு ஜோராக இருந்தது. நாகராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"சும்மா இரு மச்சா. துக்கம் உனக்கு, வண்டிக்கு என்ன துக்கம்? எல்லா வண்டியும் மினுக்கும்போது உன்னுது மட்டும் அழுக்கா நிக்கறதா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை எடுத்து முன் கண்ணாடியில் அடித்தான்.

வெயிலில் கொதித்துக் கிடந்த கண்ணாடி. டிரம்மிலிருந்து எடுத்த குளிர்ந்த தண்ணீர். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. கருப்புப் பொட்டுக்கு அடியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, என் கண் முன்னாலேயே மேலே ஓடி, அக்கா வைத்த பொட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

நாகராஜ் காலி வாளியோடு அப்படியே நின்றான். "அய்யோ மச்சா" என்றான்.

வீட்டில் அம்மா அழுதாள். "வருஷம் திரும்பாம பூஜ போட்டீங்க. அதான் சாமி கோச்சிக்கிச்சு."

"கோச்சிக்க அதுக்கு இன்னும் என்னா இருக்கு? எடுக்கறதத்தான் எடுத்துக்கிச்சே" என்று கத்தினேன். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். இன்றைக்கும் அது என் கண்ணிலேயே நிற்கிறது.

பணம் ஒரு பிரச்சினையே இல்லை. இன்சூரன்ஸில் மாற்றிக்கொள்ளலாம், ஒரு நாள் வேலை. ஆனால் கண்ணாடி போனால் பொட்டும் போகும். நாகராஜ் தினமும் வந்து நிற்பான்.

"மாத்திக்கடா. பொட்ட போட்டோ எடுத்து வெச்சிக்கோ."

"போட்டோவ தொட்டா அக்கா வெரலு தெரியுமாடா?"

தீபாவளி போய், கார்த்திகையும் வந்தது. நான் மாற்றவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கோடு கொஞ்சம் வளர்ந்தது. மேலேயும் போனது, என் பக்கமாகக் கிளை விட்டும் வந்தது. சவாரி ஏற வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்கள். ரோட்டைப் பார்ப்பதை விட அந்தக் கோட்டைத்தான் அதிகமாகப் பார்த்தேன். பொட்டைத் தொட்டுவிடுமோ, தொட்டுவிடுமோ என்று.

ஒரு சாயங்காலம் சவாரியை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் தொம்மலூர் பக்கம் வந்துகொண்டிருந்தேன். எதிரில் சூரியன் இறங்குகிற நேரம். வெளிச்சம் விரிசலில் விழுந்து கண்ணாடி முழுக்க நெருப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒன்று குறுக்கே அசைந்தது போல இருந்தது. "அம்மா!" என்று கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். சாமியைக் கூப்பிட்டேனா, பெற்றவளைக் கூப்பிட்டேனா, எனக்கே தெரியாது.

வண்டி நின்றது.

பம்பருக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஸ்கூல் பை மாட்டிய ஒரு சின்னப் பெண். அவள் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, பானட்டில் ஓங்கி அடித்தாள்.

"கண்ணு காணல்வா நினகே? மகு கணோ, மகு!"

கண் தெரியலையாடா, குழந்தைடா என்று கேட்கிறாள். நான் இறங்கிக் கை கூப்பினேன். அந்தக் குழந்தை அழவில்லை. என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, அது ஒடெதோகிதே" என்றது. உடைந்துபோயிருக்கிறது என்று.

அங்கிருந்து நேராக நம் கோயில் தெருவுக்கு வந்தேன். படி ஏறக்கூடாது. எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். உள்ளே அம்மன் விளக்கு எரிகிறது. விரிசல் வழியாகப் பார்த்ததால் ஒரு விளக்கு ரெண்டு துண்டாகத் தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மனிடம் வாய் திறந்தேன்.

"தாயே, அக்கா உயிரக் கேட்டேன், நீ தரல. அதுக்கு நான் இன்னும் உன் மேல கோவமாத்தான் இருக்கேன். ஆனா அந்தக் கொழந்தைய இன்னிக்குக் காப்பாத்திட்ட. என் கையால ஒரு சாவு நடக்காம பாத்துக்கிட்ட. நாளைக்குக் கண்ணாடியக் கழட்டிடறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க அக்காவ மொத்தமா எடுத்துக்காத. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை."

இதுதான் என் வேண்டுதல். அழகாகக் கேட்க எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பொம்மனஹள்ளியில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஜாவித் பாய் என்று ஒருவர். எல்லா ஏற்பாடும் முடித்து, "கழட்டட்டுமா தம்பி?" என்றார்.

"ஒரு நிமிஷம் பாய்."

"அரே, நிதானமா வா. கண்ணாடி எங்கயும் ஓடாது."

உள்ளே உட்கார்ந்து அந்தப் பொட்டை ஒரு தடவை தொட்டேன். விரலில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியது. நெற்றியில் வைத்துக்கொண்டேன். இறங்கி, திரும்பி நின்றுகொண்டேன். கழட்டுவதைப் பார்க்கத் தெம்பு இல்லை.

கண்ணாடி ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பட்டியை எடுக்க வேண்டும், அதற்கு வெயில் மறைக்கிற பலகையையும் இறக்க வேண்டுமாம். இடது பக்கப் பலகையை அவர் இறக்கினார். நான் டிரைவர் சீட்டில் இருக்கிறவன், அந்தப் பக்கத்துப் பலகையை ஒரு நாளும் இறக்கியதில்லை.

"தம்பி, இங்க வா. இது யாரு கை?"

போய்ப் பார்த்தேன். பலகையின் உள்பக்கத்தில் மூன்று விரல் மஞ்சள். நடுவில் குங்குமம். இப்போதுதான் வைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு.

"எங்க அக்கா கை பாய்" என்றேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மழையும் படாத, துணியும் படாத இடம். ஓடிப்போய் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயரில் பொட்டு. அதற்குப் பக்கத்தில் ஜாக்கியில் பொட்டு. டாஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினேன், மேல் பக்கத்தில் பொட்டு. என் சீட்டுக்கு அடியில், நான் தினமும் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே, பொட்டு. ஒவ்வொன்றையும் பார்த்து நான் சிரிக்கிறேன், அழுகிறேன். ஜாவித் பாய் கையில் கத்தியோடு நிற்கிறார்.

"நான் கண்ணாடி மாத்தற ஆளு. நீ மொத்த வண்டியையும் கழட்டிடுவ போலயே!"

கடைசியில் தலையைக் கீழே விட்டு, போன் வெளிச்சத்தில் பிரேக்கைப் பார்த்தேன். மிதிக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. மேலே, கால் படாத கம்பியில், மஞ்சள் அப்பியிருந்தது. பொட்டு இல்லை, அப்பல். கிண்ணத்தில் மிஞ்சியதை எல்லாம் அதில்தான் வழித்துவிட்டிருக்கிறாள். அதுக்குத்தான் நெறைய வைக்கணும் என்று சொன்னாளே, அந்தப் பிரேக்கு. முந்தின நாள் அந்தக் குழந்தைக்கு முன்னால் நின்ற பிரேக்கு.

என் சாமிகளே, நான் கேட்டது ஒரு மிச்சம். அம்மன் அதை நான் கேட்பதற்கு முன்னாலேயே, ஆனி மாதமே, எங்கள் அக்கா கையாலேயே வைத்துவிட்டிருந்தாள். நான்தான் ஒரே மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று நான் கேட்டதற்கு அம்மன் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வாள் என்று காத்திருக்கிறேன். ஆனால் இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும் முன் அவளிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எடுக்கிறேன். அம்மாவிடம் கத்தியதற்கு அவள் காலைத் தொட்டேன். ஸ்பீட் பிரேக்கர் வந்தால், பின் சீட்டில் அக்கா படுத்திருக்கிறாள் என்று நினைத்து மெதுவாக ஏற்றி இறக்குகிறேன். நாகராஜ் இப்போது யார் கண்ணாடியில் புள்ளி விழுந்தாலும் முதலில் கடைக்குத்தான் துரத்துகிறான். பொட்டு அப்புறம் வை என்கிறான்.

அக்கா போனதிலிருந்து அம்மா என் காரில் ஏறவே இல்லை. புதுக் கண்ணாடி போட்ட அன்று கூப்பிட்டேன். ஏறினாள். இடது பக்கப் பலகையை இறக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவளுக்கு மஞ்ச காசு குடுத்து வாங்கறதுன்னு நெனப்பே கிடையாது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போதும் ஏறும்போதெல்லாம் அந்தப் பலகையை ஒரு தடவை இறக்கிப் பார்த்து மூடிவிட்டுத்தான், "ம், எடு" என்பாள்.

கையில் இருக்கிற ஒன்று போகப்போகிறதே என்று யாராவது பயந்துகொண்டிருந்தால், என் மாதிரி கோபத்தோடாவது போய் அம்மனிடம் கேளுங்கள். அவள் கோபத்துக்கெல்லாம் கதவைச் சாத்த மாட்டாள். பிறகு நீங்கள் பார்க்காத இடத்தை எல்லாம் திறந்து பாருங்கள்.

வருகிற ஆவணியில் எங்களுக்கு வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு நானும் அம்மாவும் கோயில் படி ஏறுவோம். அக்காவைப் போல மஞ்சள் குழைத்துக்கொண்டு வருவோம். நீங்கள் எல்லாரும் அன்றைக்கு ஒரு நிமிஷம் கண்ணை மூடி அவள் பெயரைச் சொல்லுங்கள். பெயர் வசந்தா. பொம்மனஹள்ளியில் தையல் வேலை பார்த்தவள். இப்போது எங்கே இருக்கிறாளோ, அங்கே மழை படாத நல்ல இடமாக அம்மன் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று, எங்கள் அக்காவுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.